மாமிக்கும் எனக்கும் இடையில் செக்கனுக்கு எத்தனை பிட்

கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து என் மாமி என்னோடு ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. கோபதாபம் ஏதுமில்லை, மரியாதைதான் காரணம். எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டியது. அந்த வீட்டில் மருமகன் பாதி விருந்தாளி, பாதி ராசா. ராசாவின் முகத்துக்கு நேரே நின்று கதைப்பதற்கு மாமிக்கு என்ன விசரா?

ஆகவே மாமி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொல்வார். மனைவி என்னிடம் சொல்வாள். நான் சாப்பாட்டு மேசையில் இருப்பேன். குசினிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் குழம்புச் சட்டியோடு நின்று மாமி, "மகள், மருமகனுக்கு ஆணத்துல உப்புக் காணுமா எண்டு கேளு" என்பார். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். ஆனாலும் கேட்காதவன்போல மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனைவி இந்தப் பக்கம் வந்து, "உப்புக் காணுமா எண்டு உம்மா கேக்கிறா" என்பாள். "காணும், அளவாத்தான் இருக்கு எண்டு சொல்லு" என்பேன். அது மாமிக்கும் கேட்கும். ஆனால் மகள் திரும்பிப் போய்ச் சொல்லும்வரை அவர் நிம்மதிப் பெருமூச்சு விடமாட்டார்.

இதில் மார்க்கத் தடை ஒன்றும் கிடையாது. மாமி மருமகனுக்கு முன்னால் வரலாம், போகலாம், கதைக்கலாம். கல்யாணமான புதிதில் நான் இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் போய் மாமியிடம் சொல்லிவிட்டு வந்தாள். பதில் இப்படி வந்தது: "அது மார்க்கம், இது மரியாதை எண்டு உம்மா சொல்றா."

எனக்கு இதெல்லாம் புதிது. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். மருமகன் என்ற பிராணி எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. அந்தப் பிராணியை எப்படிக் கூப்பிடுவார்கள், எப்படி மேய்ப்பார்கள் என்பதெல்லாம் நானே அந்தப் பிராணியான பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

போதாக்குறைக்கு என் தொழில் வேறு தொடர்பாடல். ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் தொலைத்தொடர்பு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பல ஊர்களில் இருப்பதால் பாதி வகுப்பு ஒன்லைனில், ஹோலில் இருக்கும் என் மேசையிலிருந்து நடக்கும். இயல்பிலேயே எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு செய்தி இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதை எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் என் மூளை எந்நேரமும் ஓடும். அப்படிப்பட்டவனை அல்லாஹ் கொண்டுபோய் அந்தத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

நான் ஆண்டுதோறும் படிப்பிக்கிற பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னச் சூத்திரம். எந்தப் பாதையிலும் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளால் பிழையில்லாமல் செக்கனுக்கு அதிகபட்சம் எத்தனை பிட் அனுப்பலாம் என்று அந்தச் சூத்திரம் சொல்லிவிடும். பிட் என்பது ஓம், இல்லை என்ற இரண்டில் எது என்று சொல்கிற அளவு செய்தி. கணக்குக்குத் தேவை இரண்டே விசயம். ஒன்று பாதையின் பட்டையகலம், அதாவது எத்தனை ஹேர்ட்ஸ் அகலத்துக்கு அது அலைகளை விடும் என்பது. மற்றது நாம் அனுப்புகிற சமிக்ஞை இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரிது என்பது. அந்த மடங்கோடு ஒன்றைக் கூட்டு, இரண்டை அடியாக வைத்து மடக்கை எடு, பட்டையகலத்தால் பெருக்கு. விசயம் முடிந்தது.

பழைய தொலைபேசிக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் மூவாயிரம் ஹேர்ட்ஸ். சமிக்ஞை இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு. ஆயிரத்தொன்றுக்கு மடக்கை ஏறக்குறைய பத்து. ஆகவே செக்கனுக்குச் சுமார் முப்பதாயிரம் பிட். அதற்கு மேல் ஒரு பிட்கூட நம்பி அனுப்ப முடியாது, தலைகீழாக நின்றாலும் சரி.

பிள்ளைகள் எப்போதும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அகலத்தை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும். ஆனால் சமிக்ஞையின் வலுவை இரட்டிப்பாக்கினால் அந்தப் பத்து பதினொன்றாகும், அவ்வளவுதான். நற்பிட்டிமுனை வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்கால் ஒடுக்கமாக இருந்தால் மதகடியில் நின்று கத்தி என்ன பிரயோசனம்? வாய்க்காலை வெட்டி அகலமாக்க வேண்டும். நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன், கத்துவதால் கிடைக்கிற இலாபம் மிகக் குறைவு என்று. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "வீட்டுல மட்டும் அந்தச் சூத்திரம் வேல செய்யாதோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

மனைவி ஆசிரியை. அவளுக்குக் கண்டியில் தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்று வந்தது. போகிறதற்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள்.

"இஞ்ச பாருங்க. உம்மாக்குச் சீனி வருத்தம் எண்டு தெரியும்தானே. காலையில ஊசி அடிச்சா அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிட வேணும். சாப்பிடாட்டிச் சீனி இறங்கி விழுந்திருவா. தனிய விட்டுட்டுப் போறன். நீங்கதான் பாத்துக்கொள்ளணும்."

"எப்பிடிப் பாக்கிற புள்ள? குசினிக்குள்ள நான் போகேலாதே. உம்மா என்னோட கதைக்கவும் மாட்டாவே."

"அதுக்குத்தான் நான் போன்ல இருக்கனே."

சொன்னபடியே செய்தாள். காலையில் மாமி மேசையில் சாப்பாட்டை வைத்து மூடுவார். குசினிக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்டிக்குக் குரல் செய்தி அனுப்புவார். "மகள், மருமகனச் சாப்பிட வரச் சொல்லு." மகள் அதை வகுப்பு இடைவேளையில் கேட்டுவிட்டு எனக்கு அழைப்பாள். "உம்மா சாப்பாடு வெச்சிட்டாவாம்." நான் ஹோலிலிருந்து எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போவேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு ஒரு செய்தி மலையேறிக் கண்டிக்குப் போய், பேராதனைக் குளிரெல்லாம் பட்டு, திரும்பிக் கல்முனைக்கு இறங்கி வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் மலையைச் சுற்றிப் பிட்டைத் தொட்டோம்.

அழைப்பு வராமல் நானாக எழுந்து போகவும் முடியாது. மாமி தலையில் முட்டாக்குத் துணி இல்லாமல் மேசையடியில் நின்றாரென்றால் அவருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. "சாப்பாடு வெச்சாச்சு" என்பதன் அர்த்தத்துக்குள் "நான் விலகிட்டன், இனி வரலாம்" என்பதும் அடக்கம்.

பசி வயிற்றோடு காத்திருந்த ஒரு காலையில் நான் கணக்குப் போட்டேன். செய்தி மூன்று சொல். சொல்லுக்குப் பத்துப் பிட் என்று தாராளமாக வைத்தால் முப்பது பிட். அது என்னை வந்தடைய அரை மணித்தியாலம். ஆக நிமிடத்துக்கு ஒரு பிட். செக்கனுக்கு அல்ல, நிமிடத்துக்கு.

சரி, அது கிடைத்த வேகம். அதே பாதையின் எல்லை என்ன? மனிதக் குரலுக்கு மூவாயிரம் ஹேர்ட்ஸ் போதும். திரைச்சீலை துணிதான், இரும்பல்ல. பஸ் ஹோன், பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு, பக்கத்து வீட்டில் மேல்மாடிக்கு ஓடு வெட்டுகிற மெசின் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மாமியின் குரல் அவற்றைவிடப் பத்து மடங்கு பெரிது. அது கொஞ்சம் எடுப்பான குரல். பதினொன்றுக்கு மடக்கை ஏறக்குறைய மூன்றரை. மூவாயிரத்தால் பெருக்கினால் செக்கனுக்குப் பத்தாயிரம் பிட்டுக்கு மேல். பத்தாயிரம் போகக்கூடிய பாதையில் நாங்கள் நிமிடத்துக்கு ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தோம். அதற்கிடையில் பிட்டு ஆறி, ஆணத்தில் ஆடை படர்ந்துவிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, எனக்குத் தினமும் அதுதான் விதித்திருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டாக்கினேன். மாமி, மனைவி, நான். மூன்று பேர். செய்தி கண்டியில் நிற்காமல் நேரே எனக்கும் விழும் அல்லவா? மாமி அடுத்தநாள் குழுவில் குரல் செய்தி போட்டார். "மகள், மருமகனச் சாப்பிட வரச் சொல்லு." எனக்குப் பெரிய சந்தோசம். உடனே, "வாறன் மாமி" என்று எழுதி அனுப்பினேன். குசினிக்குள் ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திரையில் அறிவித்தல் வந்தது, மாமி குழுவிலிருந்து விலகிவிட்டார். மனைவி கண்டியிலிருந்து எடுத்து ஏசினாள். "உங்களுக்கு ஆர் பதில் போடச் சொன்ன? உம்மா வெக்கத்துல கெடந்து அழுறா."

அதற்குப் பிறகு செய்தி பழையபடி கண்டி வழியாகவே வந்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மெசினின் கொடுமைக்கு வெளிச்சத்தத்தை அடக்குகிற ஹெட்போன் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். அதை மாட்டினால் உலகம் மௌனம். பிள்ளைகளின் குரல் மட்டும் தேன் மாதிரி வரும்.

மனைவிக்குக் கடைசிப் பரீட்சை வந்தது. காலையில் எழுத்துப் பரீட்சை, போனை நிற்பாட்டி வெளியே வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். முதல்நாளே எனக்குச் சொல்லியிருந்தாள், உம்மாவுக்கும் சொல்லியிருந்தாள். எனக்கு அன்று காலையிலேயே வகுப்பு. காலையில் அது என் நினைவிலேயே இல்லை; அழைப்பு எதுவும் வராததால் மாமி இன்றைக்குச் சமையலில் சுணங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, வெறும் தேத்தண்ணி வயிற்றோடு வகுப்பைத் தொடங்கினேன். பசி வந்தால் எனக்குக் கோபம் தானாக வரும். பிள்ளைகளும் அன்று அதை அனுபவித்தார்கள்.

பாடம் அந்தச் சூத்திரம்தான். நான் மிகவும் ரசிக்கிற இடத்துக்கு வந்திருந்தேன். இரைச்சல் சமிக்ஞையைவிடப் பெரிதாக இருந்தால் என்ன நடக்கும்? எல்லாப் பிள்ளைகளும் ஒன்றும் போகாது என்றுதான் சொல்வார்கள். போகும். இரைச்சல் மூன்று மடங்கு பெரிது என்று வையுங்கள். மூன்றில் ஒன்று, அதோடு ஒன்று, மடக்கை எடுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைய. மூவாயிரத்தால் பெருக்கினால் ஆயிரத்து இருநூறு பிட்டுக்கு மேல் வருகிறது. "இரைச்சல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் எல்லை பூச்சியமாகாது. அனுப்புறவர் பொறுமையா, மெதுவா, திருப்பித் திருப்பி அனுப்ப வேணும். எடுக்கிறவர் காதத் திறந்து வெச்சிருக்க வேணும். அவ்வளவுதான்" என்று முழங்கினேன்.

அப்போது ஒரு பிள்ளை சொன்னாள், "சேர், உங்கட பக்கம் என்னமோ தட்டுற சத்தம் கேக்குது."

என் ஹெட்போனுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. மைக் மடிக்கணினியினுடையது, அது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு வேலைதான் என்று நினைத்தேன்.

"அத விடுங்க. அது இரைச்சல். நல்லதாப் போச்சு, உதாரணம் வீடு தேடி வந்திருக்கு. நான் கதைக்கிறது சமிக்ஞை, பின்னால கேக்கிறது இரைச்சல். ரெண்டுக்கும் என்ன விகிதம் எண்டு சொல்லுங்க பாப்பம்."

யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் உடனே, "பத்துக்கு ஒண்டு எண்டு வைக்கலாமோ சேர்?" என்றான். இன்னொருவன் இல்லை, இருபது என்றான். இரண்டு பேரும் கணக்கில் இறங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்தி இடையில் புகுந்தாள். "சேர், இரைச்சல் எண்டா ஒழுங்கில்லாம வாறது எண்டு போன கிழமை சொன்னீங்க. இது மூண்டு மூண்டா வருது. தட்டி, நிப்பாட்டி, திருப்பியும் தட்டுது."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்தி சொன்னாள், "சேர், உங்கட மாமி கூப்பிடுறா போல. எங்கட ஊட்டயும் வாப்பாவ இப்பிடித்தான் கூப்பிடுற. சட்டியில அகப்பையால தட்டுவாங்க."

கல்யாணம் முடித்த ஆண் எந்த வீட்டில் இருப்பான், அவனை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியாமல் போனது. ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்து வீட்டில் அன்று வேலையே நடக்கவில்லை. குசினியிலிருந்து டொக், டொக், டொக். இடைவெளி. பிறகு டொக், டொக். மூன்றாவது தட்டு வரவேயில்லை.

எழுந்து ஓடினேன். ஓடினவன் திரைச்சீலைக்கு முன்னால் வந்ததும் பிரேக் போட்டவன்போல நின்றுவிட்டேன். மாமி முட்டாக்குப் போட்டிருக்கிறாரோ என்னவோ. உள்ளே ஒரு மனிசி விழுந்து கிடக்கிறார், நான் வெளியே நின்று தொண்டையைக் கனைக்கிறேன். பழக்கம் என்பது அப்படிப்பட்ட சனியன். பதில் இல்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு திரைச்சீலையை விலக்கி உள்ளே போனேன்.

மாமி நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மடியில் அகப்பை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்த நடுங்குகிற கை முட்டாக்கைத் தேடித் தலைக்குப் போனது; அது போய்ச் சேரவில்லை, பாதி வழியில் விழுந்தது. நானே துணியை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டேன். பக்கத்தில் அவருடைய பீங்கானில் பிட்டு போட்டு மூடியிருந்தது, ஒரு வாய்கூடத் தொடவில்லை. ஊசி அடித்தாயிற்று என்பது குசினி மேசையில் கிடந்த ஊசியைப் பார்த்தவுடனே விளங்கியது.

சீனி வேண்டும். சீனி கரைத்த தண்ணீர் வேண்டும், உடனே. நான் அந்தக் குசினியில் கால் வைத்தது அதுதான் முதல்தடவை. எது எங்கே இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு போத்தலாகத் திறந்தேன். மிளகாய்த்தூள், கொத்தமல்லி, உப்பு, உப்பு, இன்னொரு உப்பு. சீனியை மட்டும் காணோம். அப்போதுதான் ஞாபகம் வந்தது, உம்மா களவாக இனிப்புச் சாப்பிடுவா என்று பயந்து, போவதற்கு முன் மனைவி வீட்டிலிருந்த சீனியையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளோ பரீட்சை மண்டபத்தில். சீனிக்காக ஒரு வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

"மகன்."

திரும்பிப் பார்த்தேன். மாமியின் உதடு அசைந்தது. குரல் காற்றாக வந்தது.

"அரிசி வாளி. அடியில."

அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். அடியில் ஒரு பால்மாப் பேணி தட்டுப்பட்டது. இழுத்தேன். பேணி நிறையச் சீனி. அதோடு பொலித்தீனில் சுற்றிய இனிப்புத் தொதல், அதுவும் சின்னத் துண்டல்ல. மகள் ஒளித்தது ஒரு சீனி. மாமி ஒளித்தது வேறு சீனி. பெண்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களல்ல.

கரைத்துக் கொடுத்தேன். என் கையால் பிடித்துப் பருக்கினேன். முதல் மிடறு பாதி நாடியில் வழிந்தது. பிறகு இறங்கியது. பிறகு கோப்பையை அவரே பிடித்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகம். முகத்தில் நிறம் திரும்பியபோது நானும் நிலத்தில் குந்திவிட்டேன். பீங்கானைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மாமி பிட்டைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க மாமி."

"நீங்க சாப்பிடல்லயே."

அப்போதுதான் விசயம் விளங்கியது. அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து, நான் சாப்பிட்டு எழும்பும்வரை மாமி ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. அன்று ஊசியை அடித்துவிட்டு, பழக்கத்தில் கண்டிக்குச் செய்தியை அனுப்பிவிட்டு, நான் வந்து சாப்பிடுவேன் என்று காத்திருந்திருக்கிறார். கண்டியில் போன் அணைந்து கிடந்தது. நான் காதை அடைத்துக்கொண்டு இரைச்சலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் போகிற வழியில் அது கோபமாகத்தான் போகும். "நான் சாப்பிடாட்டி என்ன மாமி? ஊசிய அடிச்சிட்டு ஆரும் வயித்தக் காயப் போடுவாங்களா?"

"மருமகன் பசியோட இருக்கக்குள்ள மாமி வயித்த நிரப்புறதா? கேக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"அப்ப ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. வாயத் திறந்து ஒரு சத்தம்."

"வகுப்புல இருந்தீங்க. புள்ளைகளுக்கு முன்னால உங்களுக்கு வெக்கமாப் போயிரும். அதுதான் மெதுவாத் தட்டின."

"மௌத்தாகியிருந்தா?"

"அல்லாஹ் காவல்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது. மாமி பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று எழுந்து போய் எனக்கும் ஒரு பீங்கானில் பிட்டைப் போட்டு எடுத்து வந்தேன். இரண்டு பேரும் குசினி நிலத்தில் இருந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் அவர் வைத்தார்.

சாப்பிட்டு முடிகிற நேரத்தில் மாமி மெதுவாக, "மகளுக்குச் சொல்லிராதீங்க" என்றார்.

"எத? மயங்கினதயா, வாளியயா?"

கொஞ்சம் யோசித்தார். "வாளிய."

நான் சிரித்துவிட்டேன். மாமியும் முட்டாக்கால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியதில் தெரிந்தது. கண்டி வழியாக அனுப்ப முடியாத செய்தி ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முதன்முதலாக வந்து சேர்ந்திருந்தது.

ஹோலுக்குத் திரும்பியபோது வகுப்பு கலையாமல் அப்படியே இருந்தது. அக்கரைப்பற்றுப் பிள்ளை, "மாமி எப்பிடி சேர்?" என்றாள். சுகம் என்றேன். யாழ்ப்பாணத்துப் பெடியன் பத்துக்கு ஒன்று என்று வைத்துக் கணக்கை முடித்திருந்தான். விடை சரி. எதைச் சமிக்ஞை என்றும் எதை இரைச்சல் என்றும் எடுத்துக்கொண்டாய் என்பதில்தான் பிழை என்றேன். "அது நீங்க சொன்னதுதானே சேர்?" என்றான். நியாயம்தான், அதோடு வகுப்பை முடித்தேன்.

பரீட்சை முடிந்து மனைவி அழைத்தாள். மயக்கத்தைச் சொன்னேன், வாளியைச் சொல்லவில்லை. அவள் அழுதாள், பிறகு என்னை ஏசினாள், பிறகு உம்மாவை எடுத்து ஏசினாள். இனி மருமகன் வந்தாலும் வராவிட்டாலும் ஊசி அடித்த கையோடு சாப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கப் பார்த்திருக்கிறாள். மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். "நீங்க கொஞ்சம் சொல்லுங்களன்" என்றாள் என்னிடம். திரைச்சீலை பழையபடி இழுத்து மூடியிருந்தது. நான் எப்படிச் சொல்வது? நேற்று வரை இருந்த ஊர் வழக்கம் அப்படியேதான் இருந்தது.

அடுத்தநாள் காலை ஹோலில் இருந்தேன். மேசையில் பீங்கான் வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு திரைச்சீலை வளையங்கள் இழுபடுகிற சத்தம். நான் போனைப் பார்த்தேன். இப்போது கண்டிக்குச் செய்தி போயிருக்கும், இனிக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். போன் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் மாமி நிற்கிறார் என்று துணியின் அடியில் தெரிந்த காலில் விளங்கியது.

"மகன்."

"ஓம் மாமி."

மறுபடியும் மயக்கம் வருகிறதோ என்று பயந்து நான் எழும்பிவிட்டேன்.

"ஒண்டுமில்ல. கேக்குதா எண்டு பாத்தன்."

"கேக்குது மாமி."

"அப்ப வாங்க. எனக்குப் பசிக்குது."